கார்டு அவர் பெயரில், பில் கட்டியது நான்

கேள்வி: எனக்கு வயது 46. கும்பகோணத்தில் இருக்கிறேன். மாநில அரசு வேலையில் இருந்த என் கணவர் 2023-ல் காலமானார். குடும்ப ஓய்வூதியம் மாதம் 19,500 ரூபாய் வருகிறது. வீட்டில் ட்யூஷன் எடுப்பதில் பத்து, பன்னிரண்டாயிரம் கிடைக்கும். அவசரத்துக்கு என்று வங்கியில் 60,000 ரூபாய் வைத்திருக்கிறேன். கணவரின் கிரெடிட் கார்டோடு எனக்கும் ஒரு ஆட்-ஆன் கார்டு ஒன்பது வருடம் இருந்தது. மளிகை, ஸ்கூல் ஃபீஸ், கரண்ட் பில் எல்லாம் அதில்தான். ஒரு மாதம் கூடத் தவறாமல் பில் கட்டியவள் நான்தான். அவர் போனதும் இரண்டு கார்டையும் வங்கி நிறுத்திவிட்டது. இப்போது என் பெயரில் கார்டு கேட்டால் இரண்டு வங்கிகள் முடியாது என்றுவிட்டன. ஆன்லைனில் போட்ட விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. "உங்க சிபில் மைனஸ் ஒன்னும்மா" என்று கிளையில் சொன்னார்கள். நான் என்ன தப்பு செய்தேன்? மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அடுத்த வருடம் அவளுடைய கல்விக் கடனுக்கு நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மூவாயிரம் கொடுத்தால் சிபிலை 750 ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கச் சொல்கிறார் அண்ணன். நகையை அடகு வைத்து மீட்டால் சிபில் ஏறும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதைச் செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சிபில் ஸ்கோர் என்பது கடனையும் கார்டு பில்லையும் எப்படிக் கட்டினோம் என்று பார்த்துப் போடும் மதிப்பெண். அது 300-ல் தொடங்கி 900-ல் முடிகிறது. வாங்கிய கடனைக் கட்டாமலே விட்டவருக்கும் அது 300-க்குக் கீழே இறங்காது. ஒருவரின் பெயரில் கடன் விவரமே இல்லை என்றால், மதிப்பெண் போட வழியில்லாததால் அந்த இடத்தில் -1 என்றோ என்.ஹெச். (நோ ஹிஸ்டரி, அதாவது வரலாறு இல்லை) என்றோ குறிக்கிறார்கள். கிளையில் இருந்தவர் இதை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். 'மைனஸ்' என்று காதில் விழுந்தால் யாருக்கும் தண்டனை போலத்தான் தோன்றும்.

ஒன்பது வருடமாகக் கட்டிய பில் எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், அவ்வளவும் உங்கள் கணவரின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. ஆட்-ஆன் கார்டில் யார் செலவு செய்தாலும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு முதன்மை அட்டைதாரர்தான் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பொறுப்பு அவருடையது என்பதால் பதிவும் பொதுவாக அவருக்கே. அமெரிக்காவில் ஆட்-ஆன் வைத்திருப்பவர் பெயரிலும் பதிவாவது வழக்கம். அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் யாராவது அதை வைத்து யோசனை சொன்னால் இங்கே அது பொருந்தாது. நாளை உங்கள் மகள் வேலைக்குப் போய்த் தன் கார்டில் உங்களுக்கு ஓர் ஆட்-ஆன் எடுத்துக் கொடுத்தாலும் இதே கதைதான். செலவுக்கு உதவும், உங்கள் பெயரில் பெரும்பாலும் வரலாறு சேராது.

இந்த விதியால் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. கணவரின் கார்டில் பாக்கி ஏதாவது நின்றிருந்தால், அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்துதான் வங்கி அதைக் கேட்க முடியும். ஆட்-ஆன் வைத்திருந்தீர்கள் என்பதற்காக உங்கள் ஓய்வூதியத்தில் கை வைக்க முடியாது. அந்தக் கார்டு கணக்கு முடிந்துவிட்டது, பாக்கி இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் நகலோடு எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வங்கியின் கடன் பிரிவில் இருந்த காலமெல்லாம் நகைக்கடன் கவுண்டரில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மனைவி கழுத்துச் செயினைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் உரசி, ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்து, தராசில் வைப்பார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது கணவர். வட்டி கட்ட வருவதும், மீட்கிற நாளில் ரசீதை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பதும் மனைவி. நகை அந்த அம்மாவுடையது, கட்டிய பணம் அவர் சீட்டுப் போட்டுச் சேர்த்தது. கடனை ஒழுங்காகக் கட்டிய நல்ல பெயர் மட்டும் கணவரின் பான் எண்ணில் போய்ச் சேரும். வீட்டின் வரவு செலவு முழுவதையும் சுமந்த பெண்கள் தனியாக நிற்க நேரும்போது, வங்கியின் கணினியில் நேற்றுப் பிறந்தவர்களைப் போல் தெரிகிறார்கள். இது எனக்கு ஆறாத வருத்தம். இதைப் படிக்கிற பெண்களில் கணவர் நல்லபடியாக இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: ஒரு கணக்காவது உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் ஓடட்டும்.

சேமிப்புக் கணக்கு, தபால் ஆபீஸ் ஆர்.டி., எல்.ஐ.சி. பிரீமியம், சீட்டு இவை எதுவும் சிபிலுக்குப் போவதில்லை. இருபது வருடம் நாள் தவறாமல் பிரீமியம் கட்டியிருந்தாலும் அங்கே அது தெரியாது. கடனும் கார்டும்தான் போகும். மகளிர் சுய உதவிக் குழுவில் எப்போதாவது இருந்தீர்களா? குழு மூலம் வங்கிக் கடன் வாங்கியிருந்தால், உறுப்பினர் ஒவ்வொருவரின் விவரத்தையும் வங்கிகள் அனுப்ப வேண்டும் என்பது விதி. உங்களுக்கே தெரியாமல் உங்கள் பெயரில் ஒரு நல்ல பதிவு இருக்கக்கூடும்.

அதனால் முதல் வேலை, உங்கள் கடன் விவரம் இருக்கும் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பது. இந்தியாவில் இந்தத் தகவலைச் சேர்த்து வைப்பது சிபில் மட்டும் அல்ல. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் உண்டு. குழுக் கடன், மைக்ரோஃபைனான்ஸ் கடன் என்றால் கிரிஃப் ஹைமார்க்கில் அவசியம் பாருங்கள். நான்கும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இருக்கிற உரிமை இது. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே எடுங்கள். இலவச ஸ்கோர் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்யும் செயலிகள் பக்கம் போக வேண்டாம். அங்கே உங்கள் எண்ணைக் கொடுத்தால் மறுநாளிலிருந்து லோன் வேண்டுமா என்று ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

ஓ.டி.பி. எந்த ஃபோனுக்குப் போகிறது என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் மனைவியின் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் கணவரின் மொபைல் எண்தான் இருக்கும். அந்த சிம் இன்னும் அவர் பெயரில் ஓடுகிறதென்றால், உங்கள் பெயரில் ஓர் எண் வாங்கி ஆதாரிலும் வங்கியிலும் மாற்றிய பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

அறிக்கையில் பெயர், பிறந்த தேதி, பான், முகவரி எல்லாம் மேலே இருக்கும். உங்கள் பெயரை அங்கே எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் ஊரில் திருமணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல். பான் வாங்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதால் அப்பாவின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆதாரில் கணவரின் முதலெழுத்து இருக்கும். வங்கிப் புத்தகத்தில் வேறொன்று இருக்கும். மூன்றும் மூன்று விதமாக இருந்தால், கணினிக்கு நீங்கள் மூன்று பேர். இருக்கிற பதிவுகூடக் கண்ணில் படாமல் போகும், விண்ணப்பமும் அதிலேயே தட்டிப்போகும். எனக்குத் தெரிந்து, வருமானம் போதாமல் திரும்பியவர்களுக்குச் சமமாகப் பெயர்ப் பொருத்தமில்லாமல் திரும்பியவர்களும் உண்டு. பான், ஆதார், வங்கி மூன்றையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அலைச்சல்தான், ஆனால் கல்விக் கடனுக்கும் இது வேண்டும்.

அறிக்கையின் கடைசியில் 'என்கொயரி' என்று ஒரு பகுதி இருக்கும். நீங்கள் விண்ணப்பித்த ஒவ்வொரு வங்கியும் எந்தத் தேதியில் உங்கள் விவரத்தைக் கேட்டது என்று அதில் வரும். உங்களுக்கு இப்போது மூன்று இருக்க வேண்டும். கணக்கு ஒன்றும் இல்லை, என்கொயரி மட்டும் மூன்று என்றால் அடுத்துப் பார்க்கிற வங்கிக்கு அது நல்ல அறிகுறியாகத் தெரியாது. பணத்துக்கு அலைகிறார் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். ஆகவே, ஃபோனில் யார் "உங்களுக்கு கார்டு அப்ரூவ் ஆகிடுச்சு மேடம்" என்றாலும், குறைந்தது ஆறு மாதத்துக்குச் சாதாரண கார்டு எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள்.

வங்கிகள் ஏன் இவ்வளவு தயங்குகின்றன என்று கேட்பீர்கள். நகைக்கடனுக்கு நகை இருக்கிறது, வீட்டுக் கடனுக்குப் பத்திரம் இருக்கிறது. கார்டுக்கு ஈடு எதுவும் கிடையாது. இதுவரை எப்படிக் கட்டினார் என்ற பதிவு ஒன்றுதான் வங்கிக்குப் பிடிமானம். அதோடு 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கார்டு கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தைக் கணக்கிடும் 'ரிஸ்க் வெயிட்' அளவை 125-லிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. கார்டு கொடுப்பது வங்கிக்குச் செலவு கூடிய வேலையாகிவிட்டது. அதன்பின் பிடி இறுகியது. இன்னொரு பக்கம், முதல் முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது என்று 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதலில் அதே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மத்திய அரசும் நாடாளுமன்றத்தில் இதை எடுத்துச் சொன்னது. இதற்காக வங்கி உங்களுக்குக் கார்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆகிவிடாது. வருமானம், வயது, முகவரி என்று வேறு காரணம் காட்ட அதற்கு உரிமை உண்டு. ஆனால் கார்டு விண்ணப்பத்தை மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் இருக்கும் விதி. மறுத்த இரண்டு வங்கிகளுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். சண்டைக்கு அல்ல. பெயர்ப் பொருத்தமா, வருமானச் சான்றா, உங்கள் பின்கோடுக்கே அந்தக் கார்டு தருவதில்லையா என்று தெரிந்தால்தான் அடுத்த முறை சரிசெய்ய முடியும்.

இனி கார்டு வாங்கும் வழி. வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரும் கார்டுதான் உங்களுக்கு ஏற்றது. பெரிய வங்கிகள் பலவற்றில் இது உண்டு. எஃப்.டி. கார்டு என்று கேட்டால் புரியும். ஓய்வூதியம் வரும் வங்கியிலேயே முதலில் கேளுங்கள், அங்கே உங்கள் கே.ஒய்.சி. (அடையாளம், முகவரி விவரம்) ஏற்கெனவே இருக்கிறது. 20,000 அல்லது 25,000 ரூபாய்க்கு உங்கள் பெயரில் ஃபிக்சட் டெபாசிட் போட்டால், அதில் முக்கால் பங்கிலிருந்து முழுத் தொகை வரை லிமிட் வைத்துக் கார்டு தருவார்கள். எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும். டெபாசிட்டுக்கு உரிய வட்டி வழக்கம்போல உங்களுக்கு வந்துகொண்டிருக்கும். நீங்கள் பில் கட்டாமல் விட்டால் மட்டும் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஈடு கையில் இருப்பதால் வருமானச் சான்று, ஸ்கோர் பற்றி அதிகம் கேட்க மாட்டார்கள். சிபிலுக்கு இதுவும் மற்ற கார்டைப் போலத்தான் தவறாமல் போகும். போகிறதா என்று வாங்கும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்களிடம் இருப்பது 60,000. அதில் 25,000-க்கு மேல் இதில் போட வேண்டாம். கார்டு இருக்கும்வரை அந்த எஃப்.டி.யை உடைக்க முடியாது. ஆஸ்பத்திரி, ஊர்ப் பயணம் என்று திடீரென்று வந்தால் மீதி 35,000 கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

வருடக் கட்டணம் இல்லாத கார்டாகப் பாருங்கள். ரூபே கார்டு தருகிறார்கள் என்றால் அதையே கேளுங்கள். ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைக்கலாம் என்பதால், ஸ்வைப் மெஷின் இல்லாத மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் க்யூஆர் ஸ்கேன் செய்தே கட்டலாம். கடைக்காரருக்குத்தான் கட்ட முடியும், தனி ஆளுக்கு அனுப்ப முடியாது. கார்டோடு சேர்த்து இன்ஷூரன்ஸ், பாதுகாப்புத் திட்டம் என்று ஏதாவது சொல்லிக் கையெழுத்து கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குப் பழக்கமானதுதான், ஒன்பது வருடம் செய்திருக்கிறீர்கள். இந்த முறை பதிவு உங்களுடையது என்பதால் கொஞ்சம் கூடுதல் கவனம். லிமிட் 20,000 என்றால் மாதம் ஐந்தாயிரத்துக்குள் செலவு நிற்கட்டும். லிமிட்டில் முப்பது சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால் ஸ்கோர் மெதுவாகத்தான் ஏறும். காஸ் சிலிண்டர், கரண்ட் பில், மாத மளிகையில் ஒரு பகுதி என்று எப்படியும் செலவாகிற பணத்தை மட்டும் இதில் போடுங்கள். ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே கூடாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் தனி.

பில்லில் இரண்டு தொகை இருக்கும். மொத்தத் தொகையைக் கட்டுங்கள். 'மினிமம் டியூ' என்று சின்னதாகப் போட்டிருப்பதைக் கட்டினால் பதிவு கெடாது, ஆனால் பணம் போய்விடும். 8,000 ரூபாய் பில்லுக்கு 400 ரூபாய் மட்டும் கட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 7,600-க்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி 266, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 48 ரூபாய். ஆக 314. நீங்கள் கட்டிய 400-ல் 86 ரூபாய்தான் கடனில் குறைகிறது. அது மட்டும் அல்ல, பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி உண்டு. இந்த வட்டி வருடத்துக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே வங்கி சொல்லும் வட்டிதான் வட்டி. உங்கள் ஓய்வூதியக் கணக்கிலிருந்து மொத்தத் தொகையும் தானாகப் போகும்படி ஆட்டோ-பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று சிபிலுக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதை ஆபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பழக்கமாக்காதீர்கள்.

இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி அறிக்கையைப் பாருங்கள். உங்கள் கார்டு கணக்குக்குக் கீழே மாதத்துக்கு ஒரு சின்னக் கட்டம் வந்திருக்கும். அதில் 000 என்று இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை என்று பொருள். முப்பது நாள் தாமதம் என்றால் 030 என்று வரும். எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று இருந்தால் வங்கி அந்த மாத விவரத்தை அனுப்பவில்லை, கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு 000 சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் மூன்று இலக்க ஸ்கோர் வந்திருக்கும். ஒரு வருடம் ஓடிய பிறகு சாதாரண கார்டு கேட்கலாம், அதுவும் ஒரே ஓர் இடத்தில்.

அதற்குள் வருமானத்தைக் காகிதத்தில் கொண்டுவாருங்கள். ட்யூஷன் ஃபீஸைப் பணமாக வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். யு.பி.ஐ.யில் உங்கள் கணக்குக்கே வாங்குங்கள். ஓய்வூதியமும் ட்யூஷனும் சேர்ந்து ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் வருகிறது. புதிய வருமான வரி முறையில் நான்கு லட்சம் வரை வரியே இல்லை. குடும்ப ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இரண்டில் குறைந்ததைக் கழிக்கவும் செய்யலாம். கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை என்றாலும் வருமான வரி ரிட்டர்ன் (ஐ.டி.ஆர்.) தாக்கல் செய்யுங்கள். இரண்டு வருட ஐ.டி.ஆர். கையில் இருந்தால் 'வருமானச் சான்று இல்லை' என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

மற்றவர்கள் சொன்ன யோசனைகளுக்கு வருகிறேன். மூவாயிரம் கேட்பவர் ஏமாற்றுகிறார். -1-ஐ 750 ஆக்க உலகத்தில் யாராலும் முடியாது. கணக்கு இருந்தால்தான் ஸ்கோர். அறிக்கையில் உண்மையாகவே தவறு இருந்தால் திருத்தக் கேட்பது இலவசம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், தாமதத்துக்குக் காரணமான சிபில் போன்ற நிறுவனமோ வங்கியோதான் உங்களுக்குத் தர வேண்டும். பான் நகல், ஆதார் நகல், ஓ.டி.பி. எதையும் மூவாயிரம் கேட்கும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிக்கையில் உங்களுக்குத் தெரியாத என்கொயரியோ கடனோ முளைத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஃபிரிட்ஜ் உண்மையிலேயே தேவையென்றால் தவணையில் வாங்கலாம், உங்கள் பெயரில் பதிவாகும். சிபிலுக்காக ஃபிரிட்ஜ் வாங்க வேண்டியதில்லை. நகை அடகும் அப்படியே. சும்மா இருக்கிற நகையை வட்டி கட்டி வங்கியில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பணம் தேவைப்பட்டு வைக்க நேர்ந்தால் மட்டும், வங்கியில், உங்கள் பெயரில், உங்கள் பான் எண் கொடுத்து வையுங்கள். ஃபோனில் ஐந்தாயிரம், பத்தாயிரம் தரும் லோன் செயலிகளைத் தொடவே வேண்டாம்.

கல்விக் கடனைப் பற்றி உங்களுக்கு இருக்கிற பயம் தேவையில்லை. நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது என்பது விதி. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு -1 தடை அல்ல. மோசமான ஸ்கோர்தான் தடை, உங்களுக்கு அது இல்லை. இப்போதே எஃப்.டி. கார்டைத் தொடங்கினால் மகள் கல்லூரியில் சேரும் நேரத்தில் உங்கள் பெயரில் ஒரு சுத்தமான கணக்கும் இருக்கும். ஒன்றை மட்டும் மகளிடம் இப்போதே உட்காரவைத்துப் பேசுங்கள். அந்தக் கடன் அவள் பெயரிலும் உங்கள் பெயரிலும் பதிவாகும். படித்து முடித்து அவள் ஒரு தவணையைத் தள்ளிப்போட்டாலும் உங்கள் அறிக்கையிலும் அது ஏறும்.

எஃப்.டி. போடப் போகும்போது பான், ஆதார், ஓய்வூதியம் வரும் பாஸ்புக், இரண்டு புகைப்படம் போதும். 'ஆட்டோ ரின்யூவல்' கேளுங்கள், இல்லையென்றால் முதிர்வுத் தேதியில் டெபாசிட் முடிந்து கார்டு தகராறாகும். கார்டில் உங்கள் பெயர் பான் கார்டில் உள்ளபடியே அச்சாகட்டும். எஃப்.டி.க்கு நாமினியாக மகளைப் போடுங்கள். அவளுக்கு இன்னும் 18 ஆகவில்லையென்றால் அதுவரை பொறுப்பாக ஒரு பெரியவர் பெயரும் அந்தப் படிவத்தில் எழுத வேண்டும். உங்கள் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.